கொடை அறிவிப்பில் கதையின் பெயரும் இடம்பெற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் நம் குமரி மாவட்டத்துச் சுவர்களிலும் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களிலும் நாட்டார் தெய்வக் கோவில்களின் கொடை விழா அறிவிப்புகள் நிறைந்துவிடுகின்றன. எந்தக் கோவில், எந்தெந்த நாள், யார் தலைமை, அன்னதானம் எத்தனை மணிக்கு, அதற்கு நன்கொடை அளித்தவர்கள் யார் யார் என்பதெல்லாம் அவற்றில் விரிவாகவே இருக்கும். இரவு நிகழ்ச்சி என்று வரும்போது மட்டும் ‘வில்லிசை’ (வில்லுப்பாட்டு) என்ற ஒற்றைச் சொல்லோடு அறிவிப்பு முடிந்துவிடும். பாடும் குழுவின் பெயராவது சில அழைப்பிதழ்களில் கிடைக்கிறது. அன்றிரவு பாடப்படுவது எந்தக் கதை என்ற விவரம் ஏறக்குறைய எதிலுமே இருப்பதில்லை. அதையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். கோரிக்கை சிறியதுதான், அதன் தேவையைச் சொல்லத்தான் சற்று இடம் வேண்டியிருக்கிறது.

நான் தொன்மங்களையும் நாட்டார் வழக்காறுகளையும் இணையவழியில் கற்பிக்கும் ஆசிரியை. மாணவர்களில் பெரும்பாலோர் நம் மாவட்டத்து வீட்டுப் பிள்ளைகள். கல்லூரியில் படிப்பவர்கள் பலர், மேல்நிலை வகுப்பில் படிப்பவர்கள் சிலர். பிள்ளைக்குத் துணையாக அருகில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பிறகு தாங்களே சேர்ந்துகொண்ட தாய்மார்களும் உண்டு. மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் மட்டுமல்லாமல், சென்னை, பெங்களூரு விடுதிகளிலிருந்தும், தோகா, ரியாத் போன்ற நகரங்களிலிருந்தும் சேருகிறார்கள். வார நாள் வகுப்புகளில் கிரேக்கம், மெசபடோமியா, வட ஐரோப்பா, சாவகம் (ஜாவா) என்று உலகத் தொன்மங்களை வரிசையாகப் பார்த்து வருகிறோம். வார இறுதியில் வகுப்பு இல்லை. அதற்கு ஈடாக ஒரு மடல் போகும். அதன் முதற்பகுதி அடுத்த வாரத்துக்கான அறிவிப்பு. இரண்டாம் பகுதி, விருப்பமுள்ளவர்கள் மேற்கொண்டு படிக்கவும் கேட்கவும் நேரில் போய்ப் பார்க்கவும் உரியது.

முதற்பகுதியில் பெரிய சிக்கல் இல்லை. வில்லுப்பாட்டில் காப்புப் பாடி முடித்ததும் வருபொருள் உரைத்தல் என்று ஓர் உறுப்பு உண்டு. இன்று இன்ன கதையைப் பாடப் போகிறோம் என்று அவையோரிடம் சொல்லிவிட்டுத்தான் தலைமைப் பாடகரான புலவர் குருவடி பாடுவதற்கும் அவையடக்கத்துக்கும் நாட்டுவளத்துக்கும் போவார். எங்கள் மடலின் முதற்பகுதி செய்வதும் அந்த வேலையைத்தான். எந்த நாளில் அனுப்புவது என்பதில் மட்டும் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது; சவூதி அரேபியாவிலும் கத்தாரிலும் இன்றும் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். ஆகவே நம் ஊர்க் கணக்குக்குச் சனிக்கிழமை போக வேண்டிய மடல், வியாழன் இரவே போகிறது.

இரண்டாம் பகுதியைப் பற்றித்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கூடுதல் வாசிப்பு என்ற பெயரில் பத்துக் காணொளிச் சுட்டிகளை அனுப்பிவிட்டு ஓய்வது எளிது. பிள்ளைகள் முதற்காணொளியைப் பாதி பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். விடை தேர்ந்தெடுக்கும் வினாக்கள், செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் பளபளப்பான தெய்வப் படங்கள் போன்றவற்றாலும் கதையறிவு வளர்வதாக நான் நம்பவில்லை. வார நாள் பாடத்தில் தொலைதூர நாட்டுக் கதையாகப் பார்த்த ஒரு கதைப்போக்கு, தன் வீட்டிலிருந்து பேருந்தில் போய்ச் சேரக்கூடிய ஓரிடத்தில் எந்த வடிவில் வாழ்கிறது என்று காட்டுவதே வார இறுதிப் பகுதியின் வேலையாக இருக்க வேண்டும். அதற்கு நம் மாவட்டத்தைவிட வசதியான இடம் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. சொந்த ஊர்ப் பெருமை என்று வாசகர்கள் நினைத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

கிரேக்கத் தொன்மத்தில் அட்டலாண்டா என்ற பெண் எவராலும் ஓடி வெல்ல முடியாதவள். அவளோடு போட்டியிட்ட ஹிப்போமெனஸ், காதல் தெய்வம் கொடுத்த மூன்று பொன் ஆப்பிள்களை ஒவ்வொன்றாக வழியில் போடுகிறான். அவள் நின்று அவற்றை எடுக்கும் நேரத்தில் அவன் முந்திவிடுகிறான். இந்தப் பாடம் முடிந்த வாரத்து மடலில், மகாசிவராத்திரியை ஒட்டிப் பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கு ஓடிச் செல்லும் சிவாலய ஓட்டத்தின் கதையைக் கொடுத்தேன். கண்ணன் சொல்ல, யாகத்துக்காகப் புருஷாமிருகத்தை அழைத்துவரப் பீமன் போகிறான். பாதி மனிதனும் பாதி விலங்குமான அது பெரும் சிவபக்தியுடையது; திருமாலின் பெயரைக் கேட்டால் சினம் பொங்கும். பீமன் ‘கோவிந்தா, கோபாலா’ என்று குரலெழுப்பிவிட்டு ஓட, புருஷாமிருகம் துரத்துகிறது. பிடிபடும் நிலை வரும்போதெல்லாம் கண்ணன் கொடுத்தனுப்பிய பன்னிரண்டு உருத்திராக்கங்களில் ஒன்றைக் கீழே போடுகிறான். அது சிவலிங்கமாகிவிட, பூசை செய்யாமல் அதைத் தாண்டிப் போகப் புருஷாமிருகத்தால் முடிவதில்லை. முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு சிவாலயங்களும் அந்த உருத்திராக்கங்கள் விழுந்த இடங்கள் என்பது ஐதீகம். கடைசியில் பீமனின் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்கு வெளியிலும் மறுகால் உள்ளேயுமாக அகப்பட்டுக்கொள்ள, வழக்கு தருமரிடம் போகிறது. அவரோ, தம்பி என்றும் பாராமல், பீமனின் பாதி உடல் புருஷாமிருகத்துக்கே உரியது என்று தீர்ப்புச் சொல்கிறார். திருநட்டாலத்தில் சங்கரநாராயணர் சந்நிதி இருப்பதை இக்கதையோடு சேர்த்துப் பார்த்தால், சிவனும் திருமாலும் ஒன்றே என்பதைச் சொல்ல எவ்வளவு நீண்ட ஓட்டத்தை நம் முன்னோர் அமைத்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

இரண்டு கதைகளும் துரத்துபவரைத் தாமதப்படுத்தும் பொருளைச் சுற்றியே அமைந்தவை. ஆனால் அட்டலாண்டா பொன்னைப் பார்த்து நிற்கிறாள், புருஷாமிருகம் வழிபாட்டுக்காக நிற்கிறது. இந்த வேறுபாட்டை நான் எடுத்துச் சொல்லவில்லை. மாணவி ஒருத்தி தானாகவே எழுதி அனுப்பினாள். அவள் குடும்பத்தில் ஆண்டுதோறும் மகாசிவராத்திரியை ஒட்டிச் சாலய ஓட்டம் (சிவாலய ஓட்டத்தை ஊரில் இப்படித்தான் சொல்வோம்) ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியோடு, சிவன் கோவிலுக்குச் சிவன் கோவில் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டே ஓடுகிறவர்களைச் சிறு வயதிலிருந்து பார்த்தவளுக்கு, அந்தக் கூவலுக்குப் பின்னால் இப்படியொரு கதை இருப்பது அதுவரை தெரியாது. இப்போது பலர் மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் பன்னிரண்டு கோவில்களையும் முடித்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

சாவகத்துப் பிரம்பனான் கோவிலைப் பற்றிய பாடத்துக்கும் இப்படியொரு துணை கிடைத்தது. ஒரே இரவில் ஆயிரம் கோவில் கட்டினால்தான் திருமணம் என்று, தன்னை மணக்க விரும்பியவனுக்கு ரோரோ ஜோங்கராங் என்ற இளவரசி நிபந்தனை விதிக்கிறாள். வேலை முடியப்போகும் நேரத்தில் ஊர்ப் பெண்களை எழுப்பி நெல் குத்தச் செய்கிறாள். விடிந்துவிட்டதென்று சேவல்கள் கூவ, ஒரு கோவில் குறைந்துபோகிறது. ஏமாற்றப்பட்டவன் அவளைக் கல்லாகச் சபிக்கிறான். பிரம்பனானில் உள்ள துர்க்கை சிலையையே அந்த இளவரசி என்று மக்கள் சொல்கிறார்கள். நம் கதையிலும் பொய்யாகக் கூவியது சேவல்தான். குமரித் தெய்வத்தை மணக்கச் சுசீந்திரத்திலிருந்து நள்ளிரவு முகூர்த்தத்துக்குப் புறப்பட்ட சிவபெருமான் வழுக்கம்பாறையை அடைந்தபோது நாரதர் சேவலாகக் கூவ, முகூர்த்தம் தப்பியதென்று அவர் திரும்பிவிடுகிறார். கன்னியாகத்தான் பாணாசுரனை வதைக்க முடியும் என்பதால் குமரி கன்னியாகவே நிற்கிறாள். சமைக்காமல் விட்ட கல்யாண அரிசியும் பருப்பும் கடற்கரை மணலாகிவிடுகின்றன. அங்கே நெல் குத்தும் ஓசை திருமணத்தைத் தடுக்கிறது, இங்கே தடைப்பட்ட திருமணத்தின் அரிசி மணலாகிறது. கன்னியாகுமரிக் கடைகளில் பொட்டலம் கட்டி விற்கும் அந்த மணலில் சிவப்பாகத் தெரிவது கார்னெட், கருப்பாகத் தெரிவது இல்மனைட் என்பதையும் மடலில் குறிப்பிட்டிருந்தேன். மணவாளக்குறிச்சியில் மணலிலிருந்து தாதுக்களைப் பிரித்தெடுக்கும் பொதுத்துறை ஆலை இருப்பதால் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. கதையையும் கனிமத்தையும் அருகருகே வைத்தால் எது உண்மை என்று குழம்பிவிடுவார்களோ என்று ஒரு தந்தை கேட்டார். யாரும் குழம்பவில்லை.

இனி நீலி. முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலைக் கடக்காமல் ஆரல்வாய்மொழி வழியாக நம் மாவட்டத்துக்குள் வர முடியாது. அந்த இசக்கியின் கதையைச் சொல்லுங்கள் என்று மாணவர்களிடம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். கொலையுண்ட பெண் மறுபிறவியில் நீலியாக வந்து, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொன்றவனைக் கணவன் என்று ஊராரிடம் வழக்குரைத்துப் பழிதீர்ப்பது பொதுவான பகுதி. அவள் யார் மகள், அண்ணன் உண்டா இல்லையா, நடந்தது பஞ்சவன்காட்டிலா கள்ளியங்காட்டிலா என்பவையெல்லாம் பாட்டாவுக்குப் பாட்டா, அதாவது தாத்தாவுக்குத் தாத்தா, மாறும். வடக்கே திருவாலங்காட்டுப் பக்கம் போனால் அவள் பழையனூர் நீலி. நீலிக்குக் கொடுத்த வாக்குத் தவறாமல் எழுபது வேளாளர் தீப்பாய்ந்த கதையாக அது நிற்கிறது. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியிலோ அதே பழையனூர் நீலி சமண முனிவரிடம் அறம் கேட்டு மனம் மாறி, பிற சமயத்தாரோடு வாதிட்டு வெல்லும் சமண ஆசிரியையாகிவிடுகிறாள். சிதறால் மலையில் சமணச் சிற்பங்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது இன்னும் சுவையாக இருக்கிறது.

இவற்றில் சரியான கதை எது என்பதே மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கைவிடச் செய்வதற்கே பல வாரங்கள் ஆகின்றன. கதை ஒன்றை எழுதி அனுப்பும்போது யாரிடம் கேட்டது, அவருக்கு ஏறத்தாழ என்ன வயது, எந்த ஊர், எந்தச் சமயத்தில் சொன்னார் என்ற நான்கு விவரங்களும் இல்லையென்றால் நான் ஏற்றுக்கொள்வதில்லை. ‘இணையத்தில் எடுத்தது’ என்பது ஊரும் அல்ல, ஆளும் அல்ல. பிராமணனான முத்துப்பட்டனின் கதையில், அவன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மக்கள் என்று பாடுவோரும் உண்டு. அவர்கள் பிராமணக் குடும்பத்தில் பிறந்து அவரிடம் வளர்ந்தவர்கள் என்று பாடுவோரும் உண்டு. இரண்டாவது பாடம் ஏன் தோன்றியது, அது யாரைச் சமாதானப்படுத்த நுழைந்தது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் மாணவர் நாட்டார் வழக்காற்றின் உள்ளே வருகிறார். பாடியவர் யார், கேட்டவர்கள் யார் என்று குறித்து வைக்காவிட்டால் அந்தக் கேள்விக்கே வழியில்லை.

நம் மாவட்டத்துக் கதைகள் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியவையல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2022 மே மாதம் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் தாகத்துக்கு நீர் சுரந்ததாகச் சொல்லப்படும் முட்டிடிச்சான் பாறை புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது; அவர் உயிர்நீத்தபோது மணியோசை எழுப்பியதாகச் சொல்லப்படும் மணியடிச்சான் பாறை ஆரல்வாய்மொழிக் காட்டாடி மலையில் இருக்கிறது. தக்கலையில் சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை ஆண்டுதோறும் இரவு முழுவதும் கூடியிருந்து பாடுகிறார்கள். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால், அங்குள்ள மாணவர்களுக்கு வார இறுதிப் பணி மற்றவர்களைவிட எளிதாக அமைந்துவிடுகிறது. தேவாலயப் பூசை முடிந்து வந்த பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள், பேசுவதற்கும் மனம் வைப்பார்கள். இவையெல்லாம் ஒருவருக்குக் கதை, மற்றொருவருக்கு நம்பிக்கை. ஆகவே எதையும் ‘கட்டுக்கதை’ என்று எழுதக் கூடாது என்பது வகுப்பின் விதி.

இவ்வளவும் வீட்டிலும் வழியிலும் கிடைத்துவிடுகின்றன. கிடைக்காதது வில்லுப்பாட்டு மட்டுமே. ஒலிப்பதிவுகளும் காணொளிகளும் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கதையின் ஒரு துண்டு. வில்லுப்பாட்டு அதன் சடங்கோடு கட்டுண்டது. கயிலாயத்தில் பிறந்த சுடலைமாடனைப் போன்ற தெய்வத்துக்கு ஒரு விதம், வெட்டுப்பட்டும் அநியாயமாகச் செத்தும் தெய்வமானவர்களுக்கு வேறு விதம். கதையில் சாவு நெருங்க நெருங்க, வலப்பக்கம் இருக்கும் புலவர் வீசுகோலை ஓங்கி வில்லின் நாணில் அடிக்கும் வேகம் கூடும். மணிகள் குலுங்கும், உடுக்கையும் குடமும் நெருங்கும், இடப்பக்கம் இருப்பவர் ‘ஆமா’ போடும் இடைவெளி குறையும். அந்த நேரத்தில்தான் கோமரத்தாடிக்கு, அதாவது சாமியாடிக்கு, அருள் வரும். இதைத் திரையில் பார்த்து விளங்கிக்கொள்ள முடியாது. 2018இல் மறைந்த வில்லிசைக் கலைஞர் பூங்கனியைப் போல, ஆண்கள் நிறைந்த அந்தக் கலையில் முன்னின்று பாடிய பெண்கள் நம் மாவட்டத்தில் இருந்திருக்கிறார்கள் என்பதைக்கூடப் பாடப்புத்தகம் வழியாக அல்ல, கொடைத் திடலில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் வழியாகத்தான் என் மாணவிகள் அறிந்துகொண்டார்கள்.

கொடையின் முக்கிய நாள் பெரும்பாலும் செவ்வாயிலோ வெள்ளியிலோ அமையும். செவ்வாய்க் கொடைக்கு மாணவர்கள் வர இயலாது. வெள்ளிக் கொடை நள்ளிரவு தாண்டிச் சனிக்கிழமை விடியல்வரை நீளும் என்பதால் எங்கள் வார இறுதிக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் எந்தக் கோவிலுக்குப் போகச் சொல்வது? மார்த்தாண்டத்திலிருந்து அகத்தீசுவரம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு, தந்தையையோ அண்ணனையோ துணைக்கு அழைத்துக்கொண்டு, இரவில் ஒரு மாணவி போய்ச் சேர்கிறாள் என்று வையுங்கள். அந்த வாரத்துப் பாடம் அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்களைப் பற்றியது. அங்கே பாடப்படுவதோ முற்றிலும் வேறு கதை. சில இடங்களில் கதை பெயருக்குத் தொடங்கி, திரைப்பாடல் மெட்டுகளிலும் நகைச்சுவைத் துணுக்குகளிலும் கரைந்துபோகிறது. முன்கூட்டியே விசாரிக்கலாமே என்றால், அழைப்பிதழில் உள்ள கைபேசி எண்கள் பெரும்பாலும் நன்கொடை தொடர்பானவை. கூப்பிட்டு ‘என்ன கதை பாடுகிறார்கள்’ என்று கேட்டால், ‘வில்லு உண்டும்மா, வாங்க’ என்ற அன்பான பதில்தான் கிடைக்கிறது.

விழாக் குழுவினருக்கு இது தெரியாத விவரம் அல்ல. கோவிலில் எந்தெந்தத் தெய்வங்களுக்குப் பீடம் இருக்கிறதோ அவற்றின் கதைகளை எந்த இரவில் எந்த வரிசையில் பாட வேண்டும் என்பது, வில்லுக்கு முன்பணம் கொடுக்கும்போதே குழுத் தலைவரான அண்ணாவியோடு பேசி முடிவாகிவிடுகிறது. பாடகர் வருபொருள் உரைத்தலில் முறையாகச் சொல்வதை அச்சிலும் ஒரு வரி சொன்னால் போதும். இப்படி அறிவித்தால் வேடிக்கை பார்ப்பவர்கள் கைபேசியோடு வந்து குவிந்து சாமியாட்டத்தைக் காட்சிப்பொருளாக்கிவிடுவார்கள் என்று சிலர் தயங்கக்கூடும். அந்தத் தயக்கம் நியாயமானது. என் மாணவர்களுக்கு நான் சொல்லியிருப்பது, ஊர்ப் பெரியவரிடம் கேட்காமல் எதையும் பதிவு செய்யக் கூடாது, அருள் வந்து ஆடுகிறவரை எந்த நிலையிலும் படம் பிடிக்கக் கூடாது, குறிப்பேடும் காதும் போதும் என்பதே. அறிவிப்பிலேயே ‘பதிவு செய்ய அனுமதி இல்லை’ என்று ஊரார் சேர்த்துக்கொண்டாலும் எங்களுக்கு மறுப்பில்லை.

தங்கள் நாளிதழ் வெளியிடும் கொடைச் செய்திகளில் ஊர், தெய்வம், நாள் ஆகியவற்றுக்கு அடுத்து, கதையின் பெயர், பாடும் குழு, கதை தொடங்கும் நேரம் ஆகிய மூன்றையும் செய்தியாளர்கள் கேட்டு வாங்கிச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமைப் பதிப்பில் அந்த வார வெள்ளிக் கொடைகளின் கதைப் பட்டியலை ஒரே இடத்தில், ஒரு சிறு கட்டமாகத் தர முடிந்தால் இன்னும் நல்லது. அன்றிரவு போகும் மடலில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியும், ரியாத்திலும் தோகாவிலும் இருக்கும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியைக் கூப்பிட்டு, போய்க் கேட்டுச் சொல்லுங்கள் என்று வேண்டிக்கொள்ளவும் முடியும். வைகாசிக் கொடைகளின் அறிவிப்புகள் இனிமேல்தான் அச்சுக்கு வரும் என்பதால், அவற்றிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
இணையவழித் தொன்மவியல், நாட்டார் வழக்காற்று வகுப்பு ஆசிரியை,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.